வந்தவர்கள் ஏன் தங்கவில்லை? கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பத்தாண்டுகளுக்கு மேலாக, மூன்று கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் பராமரிப்பாளராக இருந்து வருகிறேன். மூன்றிலும் ஒரே முறையீடுதான்: "ஆள் போதவில்லை." நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோதெல்லாம், யாரோ வந்து போன தடம் இருந்தது. கேள்வி கேட்டிருந்தார்கள், திருத்தம் அனுப்பியிருந்தார்கள், சிலர் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். குறைவாக இருந்தது ஆள் அன்று, பதில்.

அதே கோளாறுகளை அடுத்தடுத்த திட்டங்களில் சரிசெய்தபோது எழுதி வைத்த குறிப்புகள்தாம் இவை. ஒவ்வோர் அறிகுறிக்கும் கீழே, செலவில்லாத காரணத்தை முதலிலும் அதிக உழைப்பைக் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

## எங்கிருந்து தொடங்குவது

கடந்த ஆறு மாதங்களில் உங்கள் திட்டத்தில் முதன்முறையாக எழுதிய பத்துப் பேரைப் பட்டியலிடுங்கள். இஷ்யூவில் (வழுவையோ கோரிக்கையையோ பதியும் பக்கம்) கேள்வி கேட்டவர், புல் ரிக்வெஸ்ட் (தன் திருத்தத்தை இணைக்கக் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பியவர், அரட்டை அறையில் வணக்கம் சொன்னவர் எல்லாரும் கணக்கில் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் கடைசியாக எங்கே எழுதினார், அதற்கு யார், எத்தனை நாள் கழித்துப் பதில் சொன்னார் என்று குறியுங்கள். ஒரு மணி நேர வேலை. பட்டியலைப் பார்த்தாலே எந்த அறிகுறிக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

- பத்துப் பேரே தேறவில்லை: அறிகுறி 1
- நிறுவல் குறித்த கேள்வியோடு பலர் நின்றுவிட்டார்கள்: அறிகுறி 2
- "நான் செய்கிறேன்" என்று சொன்னவர்கள் திரும்பவில்லை: அறிகுறி 3
- ஒரே ஒரு புல் ரிக்வெஸ்டோடு பேச்சு முடிந்தது: அறிகுறி 4
- பயனற்ற புல் ரிக்வெஸ்ட்கள் குவிகின்றன: அறிகுறி 5
- பல மாதங்கள் உழைத்தவர் மெல்ல மறைந்தார்: அறிகுறி 6
- சூடான ஒரு பேச்சுக்குப் பின் போனார்கள்: மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அறிகுறி 7

## அறிகுறி 1: யாருமே வருவதில்லை

உரிமக் கோப்பு இருக்கிறதா?

சிரிக்கத் தோன்றும் கேள்வி. ஆனாலும் இதையே முதலில் பாருங்கள். உரிமம் குறிப்பிடாத நிரலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் இயல்பு நிலைதான் பொருந்தும். பிறர் அதை மாற்றவோ தங்கள் மென்பொருளில் சேர்த்துப் பரப்பவோ உரிமை பெறுவதில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் விதிமுறைகள் பொதுக் களஞ்சியத்தைப் பார்க்கவும் ஃபோர்க் செய்யவும் (தம் கணக்கில் நகலெடுக்கவும்) மட்டுமே பிறருக்கு வழிவிடுகின்றன. நிறுவனத்தில் வேலை பார்க்கும் நிரலாளர் பலர், உரிமம் இல்லாத களஞ்சியத்தைக் கண்டால் பக்கத்தை மூடிவிட்டுப் போவார்கள்.

களஞ்சியத்தின் முதல் அடைவில் உரிமக் கோப்பு இருக்கிறதா, பக்கவாட்டில் அதன் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பெயர் தெரியவில்லையென்றால் யாரோ மூல வாசகத்தை மாற்றியிருக்கக்கூடும். எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் ஆகியவற்றில் உங்களுக்கு ஏற்றதை எடுத்து, சொல்லுக்குச் சொல் மாறாமல் போடுங்கள். நீங்கள் ஒருவரே எழுதிய நிரல் என்றால் பத்து நிமிடத்தில் முடியும்.

பிறர் எழுதிய வரிகள் ஏற்கெனவே கலந்திருந்தால், அல்லது உள்ள உரிமத்தை மாற்ற விரும்பினால், நிறுத்திக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். குறியாக்க நிரல்தொகுப்பான ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் உரிமத்தை மாற்றப்போவதாக 2015இல் அறிவித்தது. பழைய பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடி ஒப்புதல் கேட்க வேண்டியிருந்தது. அப்பாச்சி 2.0 உரிமத்தோடு 3.0 பதிப்பு வெளிவந்தபோது 2021 ஆகிவிட்டது.

திட்டம் உயிரோடு இருப்பது வெளியே தெரிகிறதா?

கடைசிக் கமிட் (நிரலில் பதிந்த மாற்றம்) போன வாரம் நடந்திருக்கலாம். ஆனால் புதியவர் கண்ணில் முதலில் படுவது, பதிலே இல்லாமல் கிடக்கும் இஷ்யூக்களின் வரிசை. மேலே உள்ள ஐந்துக்கு இன்றே பதில் எழுதுங்கள். "இப்போது இதைச் செய்ய இயலாது, காரணம் இது" என்பதும் பதில்தான். ரீட்மீயில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பில்) ஒரு வரி சேருங்கள்: யார் பராமரிக்கிறார்கள், எவ்வளவு நாளில் பதில் எதிர்பார்க்கலாம்.

உதவி தேவை என்று சொல்லியிருக்கிறீர்களா?

"பங்களிப்புகள் வரவேற்கப்படுகின்றன" என்ற வரியைப் பார்த்து வந்தவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. "விண்டோஸில் நிறுவலைச் சோதிக்க ஒருவர் தேவை, மாதம் இரண்டு மணி நேரம் போதும்" என்று எழுதியபோது அந்த வாரமே இருவர் வந்தார்கள். வேலைக்குப் பெயரும் அளவும் இருக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி நேரே கேட்பது. என் அனுபவத்தில், தங்கிய நிரலாளர்களில் பெரும்பாலோர் முதலில் பயனர்களாக இருந்தவர்கள். விரிவாக வழுப்பதிவு எழுதிய ஒருவர் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிட்டார். அவருக்கு இப்படி எழுதுங்கள்: "காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தச் செயற்கூறு இந்தக் கோப்பில் இருக்கிறது. திருத்தி அனுப்புகிறீர்களா? சிக்கினால் நான் உடனிருக்கிறேன்." கடைசி வாக்கியம் முக்கியம். எழுதினால் காப்பாற்றவும் வேண்டும்.

எளிய பணிகள் உண்மையில் எளியவையா?

கிட்ஹப்பில் "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" என்ற லேபிள் புதியவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. லினக்ஸ் வழங்கலான டெபியன் தன் வழுக்களுக்கு "நியூகமர்" என்று குறியிடுகிறது. லேபிள் ஒட்டிய ஒவ்வொன்றையும் திறந்து நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தக் கோப்பு, சரியான நடத்தை எது, எப்படிச் சோதிப்பது, சிக்கினால் யாரைக் கேட்பது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் உங்களுக்கே எழுதிக்கொண்ட இரண்டு வரிக் குறிப்பு என்றால், லேபிளைக் கழற்றிவிடுங்கள். இன்னொன்று: அத்தகைய பணியைச் செய்ய உங்களுக்கு அரை மணி ஆகுமென்றால், விவரித்து எழுதவும் அரை மணி ஆகும். நீங்களே முடித்துவிடத் தோன்றும். தயவுசெய்து முடித்துவிடாதீர்கள்.

கடைசியாக, வழிகாட்டும் நிகழ்ச்சிகள்

கூகுள் 2005இல் தொடங்கிய சம்மர் ஆஃப் கோட், 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களையும் ஏற்கிறது. 2006இல் க்னோம் திட்டத்துக்குள் முளைத்த முயற்சி அவுட்ரீச்சியாக வளர்ந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை, மூன்று மாத ஊதியப் பயிற்சி. இரண்டுமே ஆள் கொண்டு வரும். இரண்டுமே வாரந்தோறும் வழிகாட்டியின் நேரத்தைக் கேட்கும்; அவுட்ரீச்சியில் பொதுவாகப் பயிற்சியாளருக்கான நிதியையும் திட்டமே தேட வேண்டும். அறிகுறி 2, 4 ஆகியவற்றைச் சரிசெய்யாமல் இங்கே விண்ணப்பித்தால், ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றிய கதைதான்.

## அறிகுறி 2: வருகிறார்கள், நிறுவலோடு நின்றுவிடுகிறார்கள்

இதற்கு ஒரே ஒரு சோதனைதான் உண்மை பேசும். உங்கள் திட்டத்தை ஒருபோதும் நிறுவியிராத ஒருவர் பக்கத்தில் அமருங்கள். அவர் ஆவணத்தை மட்டும் பார்த்து நிறுவட்டும். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. தயங்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் எழுதுங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால் புத்தம் புதிய மெய்நிகர்க் கணினியில் நீங்களே செய்யுங்கள்.

எங்கள் ஆவணத்தில் மூன்றே கட்டளைகள் இருந்தன. அதில் எனக்கு மிகுந்த பெருமை. முதன்முறை இப்படி உட்கார்ந்தபோது, அந்த மூன்று கட்டளைகளுக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. மூன்றாவது கட்டளைக்கு ஒரு தரவுத்தளம் தேவைப்பட்டது. எங்கள் ஒவ்வொருவர் கணினியிலும் அது பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்ததால், அப்படியொன்று வேண்டும் என்பதே யாருக்கும் நினைவில்லை. அதற்கு முந்தைய ஓராண்டில் எத்தனை பேர் அந்த இடத்தில் நின்று, குறை தங்களிடம்தான் என்று எண்ணிப் போயிருப்பார்கள் என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது.

முதல் கட்டளையே முறிந்தால்

பெரும்பாலும் பதிப்புப் பொருத்தமின்மை. "அண்மைப் பதிப்பு" என்று எழுதியிருந்தால் அழித்துவிட்டு எண்ணை எழுதுங்கள். சார்பு நிரல்களின் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் கோப்பைக் களஞ்சியத்தில் சேருங்கள். பிழைச் செய்தியை அப்படியே ஆவணத்தில் ஒட்டி, அடியில் தீர்வை எழுதுங்கள். புதியவர் தேடப்போவது அந்தச் செய்தியைத்தான்.

நிறுவல் முடிகிறது, சோதனைகள் தோற்கின்றன என்றால்

எந்த வரியையும் மாற்றாத நிலையில் எல்லாச் சோதனைகளும் தேற வேண்டும். "அந்த இரண்டும் எப்போதும் தோற்கும், கண்டுகொள்ளாதீர்கள்" என்பது நமக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது. அவற்றுக்குக் காரணம் குறித்து, தாண்டிச் செல்லும்படி அடையாளமிடுங்கள். பிறகு மூன்றைச் சரிபாருங்கள்: கணினியின் நேர மண்டலத்தை மாற்றினால் தோற்கிறதா, மொழி அமைப்பை மாற்றினால் தோற்கிறதா, இணையத்தைத் துண்டித்தால் தோற்கிறதா. இந்த மூன்றும் பராமரிப்பாளர் கண்ணில் படாதவை. ஒரே ஒரு சோதனையை மட்டும் ஓட்டும் கட்டளையையும் எழுதி வையுங்கள். நாற்பது நிமிடம் ஓடும் சோதனைத் தொகுப்பை ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓட்டும் பொறுமையைப் புதியவரிடம் எதிர்பார்க்க முடியாது.

உங்களிடம் ஓடுகிறது, அவரிடம் ஓடவில்லை என்றால்

வரி முடிவுக் குறி விண்டோஸில் வேறு. கோப்புப் பாதையின் சாய்கோடு வேறு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டில் மட்டும் மாறுபடும் இரண்டு கோப்புகள் லினக்ஸில் தனித்தனியாக நிற்கும்; விண்டோஸிலும் மேக்ஓஎஸ்ஸிலும் இயல்பு நிலையில் ஒன்றையொன்று விழுங்கிவிடும். தானியங்கிச் சோதனையை மூன்று இயங்குதளங்களிலும் ஓட்டுங்கள். ஒன்றில் ஓட்ட இயலாதென்றால், "இந்த இயங்குதளத்தில் உருவாக்கப் பணிக்கு ஆதரவில்லை" என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தொல்லை என்றால்

டாக்கர் கொள்கலனிலோ கோட்ஸ்பேஸ் போன்ற மேகக் கணினியிலோ ஆயத்தச் சூழலைத் தரலாம். நல்ல தீர்வு. ஆனால் அதுவும் பழுதாகும் ஒரு பொருள். தானியங்கிச் சோதனை அதே கொள்கலனுக்குள் ஓடாவிட்டால், சில மாதங்களில் அது நிறுவல் ஆவணத்தைவிட மோசமான பொய்யாகிவிடும்.

எப்போது வல்லுநரை அழைப்பது

இரண்டு வார இறுதிகள் போராடியும் புதிய கணினியில் கட்டமைக்க முடியவில்லை என்றால், உங்கள் மென்பொருளை டெபியனுக்கோ ஃபெடோராவுக்கோ பொதியாக்கும் தன்னார்வலரைத் தேடுங்கள். அவர்கள் வெறுமையான சூழலில் கட்டமைப்பவர்கள். நீங்கள் மறந்துபோன ஒவ்வொரு சார்பும் அவர்களுடைய பொதிக் கோப்பில் பட்டியலாக இருக்கும். அவரை எழுப்புவதற்கு முன் அந்தக் கோப்பைப் படியுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

## அறிகுறி 3: "எனக்குத் தாருங்கள்" என்கிறார்கள், பிறகு சத்தமில்லை

காரணம் பெரும்பாலும் சோம்பல் அன்று. பணி எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்திருக்கும். பின்வாங்குவதை எப்படிச் சொல்வது என்று தெரிந்திருக்காது.

ஒருவருக்குப் பணியை ஒதுக்கும்போதே கேளுங்கள்: "எந்தக் கோப்பிலிருந்து தொடங்கப் போகிறீர்கள்?" பதில் வந்தால் வேலை நடக்கும் வாய்ப்பு அதிகம். பதிலிலேயே தவறான பாதை தெரிந்தால் அப்போதே திருப்பிவிடலாம். ஒதுக்கீட்டுக்குக் காலவரம்பு வையுங்கள். நாங்கள் இரண்டு வாரம் வைத்திருக்கிறோம். கேட்டால் நீட்டிப்போம், கேட்காவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ரஸ்ட் நிரலாக்க மொழித் திட்டத்தில் ஒருவர் ஒரு கட்டளை எழுதினால் போட் (தானாக இயங்கும் நிரல்) அவருக்குப் பணியை ஒதுக்கும். இன்னொரு கட்டளையால் அவரே விடுவித்துக்கொள்ளலாம். விளக்கம் சொல்லாமல், வெட்கப்படாமல் திருப்பித் தர ஒரு வழி இருப்பதுதான் அதன் அழகு. அப்படி விட்டுவிட்டுப் போனவர்களில் சிலர் வேறு பணிக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 4: முதல் புல் ரிக்வெஸ்ட் வருகிறது, இரண்டாவது வருவதில்லை

அதிகம் இழப்பது இங்கேதான். நிறுவலைத் தாண்டி, நிரலைப் படித்து, திருத்தி அனுப்பியவரை இழப்பதைவிடப் பெரிய இழப்பு திட்டத்துக்கு இல்லை.

முதல் மனிதப் பதில் எப்போது வந்தது?

போட் எழுதிய நன்றியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மொசில்லா தன் பங்களிப்பாளர்களை ஆராய்ந்தபோது, 48 மணி நேரத்துக்குள் மறுஆய்வு கிடைத்தவர்கள் திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று கண்டது. இரண்டு நாளில் முழு மறுஆய்வு முடியாதென்றால் பரவாயில்லை. "பார்த்தேன். நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை முழுதாகப் படிக்கிறேன்" என்ற மூன்று வாக்கியங்கள் போதும். வெள்ளிக்கிழமை படியுங்கள்.

தானியங்கிச் சோதனை ஓடாமல் நிற்கிறதா?

இது கண்ணுக்குத் தெரியாத தடை. பொதுக் களஞ்சியங்களில் முதன்முறை பங்களிப்பவரின் சோதனைகள், பராமரிப்பாளர் ஒப்புதல் பொத்தானை அழுத்தும்வரை ஓடாதபடி கிட்ஹப் 2021இல் மாற்றியது. கிரிப்டோ நாணயச் சுரங்கம் தோண்டும் நிரல்களை ஓட்டிக் கணினி நேரத்தைத் திருடியவர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு. நியாயமானதுதான். ஆனால் புதியவர் பக்கத்தில் "காத்திருக்கிறது" என்று மட்டுமே தெரியும். தன்னிடம் என்ன தவறு என்று தேடிக்கொண்டிருப்பார். எங்கள் திட்டங்களில் ஒன்றில் ஒருமுறை பதினொரு புல் ரிக்வெஸ்ட்கள் இப்படி நின்றிருந்தன. பதினொன்றுக்கும் தேவைப்பட்டது ஒரே ஒரு சொடுக்கு.

யார் பார்க்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறதா?

ஐந்து பராமரிப்பாளர்கள் இருந்தால், ஒவ்வொருவரும் மற்ற நால்வரில் ஒருவர் பார்ப்பார் என்று நினைப்பார்கள். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். அந்த வாரம் அவருடைய கடமை, புதியவர்களுக்கு முதல் பதில் எழுதுவது மட்டுமே. எந்த அடைவை யார் பார்ப்பார் என்று கோட்ஓனர்ஸ் கோப்பில் எழுதினால், கிட்ஹப் உரியவரைத் தானே அழைக்கும்.

என்ன எழுதுகிறீர்கள்?

உங்கள் கடைசி ஐந்து மறுஆய்வுகளைப் படியுங்கள். இடைவெளி, காற்புள்ளி, பெயரின் எழுத்து முறை பற்றிய குறிப்புகள் எத்தனை? அந்த வேலை மனிதருக்கு வேண்டாம். பைதானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரெட்டியர் இருக்கின்றன; லினக்ஸ் கெர்னலில் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் அந்த வேலையைப் பார்க்கிறது. இயந்திரம் குறை சொன்னால் யாருக்கும் மனம் நோவதில்லை.

மீதமுள்ளவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: மாற்றினால்தான் இணைக்க முடியும், பிறகு மாற்றலாம், என் விருப்பம். முதல் புல் ரிக்வெஸ்டில் முதல் வகையை மட்டும் சொல்லுங்கள். இரண்டாவதை இணைத்த பிறகு நீங்களே செய்யுங்கள். மூன்றாவதை எழுதவே வேண்டாம்.

நீங்களே திருத்தி எழுதினீர்களா?

இதை நான் செய்திருக்கிறேன், இன்றும் வருந்துகிறேன். ஒருவர் அனுப்பிய திருத்தம் சரியான யோசனை, ஆனால் சுற்றிவளைத்து எழுதப்பட்டிருந்தது. அவசரத்தில் நானே இருபது வரியில் எழுதி என் பெயரில் இணைத்துவிட்டு, அவருடையதை "இனித் தேவையில்லை" என்று மூடினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருபோதும் வரவுமில்லை. கண்டுபிடிப்பு அவருடையது, வரலாற்றில் என் பெயர் நிற்கிறது.

செய்ய வேண்டியது: புல் ரிக்வெஸ்டில் பராமரிப்பாளர் திருத்தலாம் என்ற அனுமதி இருந்தால், அவருடைய கிளையிலேயே உங்கள் கமிட்டைச் சேருங்கள். வேறு வழியின்றி முழுதாக மாற்றி எழுதினால், கமிட்டின் ஆசிரியர் பெயர் அவருடையதாகவே இருக்கட்டும். அல்லது கமிட் செய்தியின் அடியில் இணை ஆசிரியராகக் குறியுங்கள். கிட்ஹப் அந்த வரியை அடையாளம் கண்டு இருவர் பெயரையும் காட்டும்.

கையொப்பம் கேட்டுத் தடுக்கிறீர்களா?

பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம் கேட்கும் திட்டம் என்றால், அது உண்மையில் எதற்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். லினக்ஸ் கெர்னல் 2004 முதல், இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறும் டிசிஓ என்ற எளிய சான்றோடு நடக்கிறது. கமிட் செய்தியின் அடியில் "சைன்ட் ஆஃப் பை" என்ற ஒரு வரி. அந்த வரி இல்லையென்று போட் சிவப்புக் குறியிட்டால், சரிசெய்யும் கட்டளையையும் அதே செய்தியில் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தின் வாசகத்தை மாற்றுவதோ நீக்குவதோ வழக்கறிஞரின் வேலை. நீங்கள் தொடாதீர்கள்.

இணைத்த பிறகு என்ன சொன்னீர்கள்?

"நன்றி" என்பது பேச்சை முடிக்கும் சொல். தொடர வேண்டுமென்றால் அடுத்த படியைக் காட்டுங்கள்: "இதே தவறு இறக்குமதிக் கோப்பிலும் இருக்கிறது, அதையும் பார்க்கிறீர்களா?" இப்போதுதான் படித்த நிரலுக்குப் பக்கத்திலேயே உள்ள வேலை. வெளியீட்டுக் குறிப்பில் அவர் பெயரைப் போடுங்கள். எந்தப் பெயரில், எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுப் போடுங்கள்.

இணைக்க முடியாத திருத்தமென்றால் அந்த வாரமே சொல்லிவிடுங்கள். ஓராண்டு திறந்து கிடந்து, காலாவதி போட் வந்து மூடும் புல் ரிக்வெஸ்ட், மறுப்பைவிடக் கொடியது.

## அறிகுறி 5: குப்பை குவிகிறது

டிஜிட்டல்ஓஷன் 2014இல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற பங்களிப்பு நிகழ்ச்சியில் சில புல் ரிக்வெஸ்ட்கள் அனுப்பினால் டி-சட்டை கிடைத்தது. 2020இல் பொருளற்ற திருத்தங்கள் வெள்ளமாகப் பாய, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே, விருப்பம் தெரிவித்த களஞ்சியங்கள் மட்டுமே கணக்கு என்று விதியை மாற்றினார்கள். இப்போது டி-சட்டை இல்லாமலே வெள்ளம் வருகிறது. செயற்கை நுண்ணறிவு எழுதியதைப் படிக்காமல் அனுப்புகிறார்கள்.

நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: "இந்த வரியை நீக்கினால் எந்தச் சோதனை தோற்கும்?" நிரலைப் படித்தவர் பதில் சொல்வார். தவறாகச் சொன்னாலும் அவர் மனிதர், கற்பவர். அறிகுறி 4க்குப் போங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் மூடிவிடலாம். செயற்கை நுண்ணறிவு பற்றிய உங்கள் விதியைப் பங்களிப்பு ஆவணத்தில் எழுதுங்கள். வெள்ளம் மிகுந்தால், முன்பு பங்களித்தவர்கள் மட்டுமே எழுதலாம் என்று தற்காலிகமாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு கிட்ஹப்பில் உண்டு. அதை நீண்ட நாள் வைத்திருக்காதீர்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் ஆளும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்பார்.

ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி வருபவரைக் குப்பையில் சேர்க்காதீர்கள். உண்மையான பிழையைத்தான் திருத்தியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். எங்கள் இப்போதைய பராமரிப்பாளர்களில் ஒருவருடைய முதல் கமிட், ரீட்மீயில் விடுபட்ட ஓர் எழுத்து.

## அறிகுறி 6: பல மாதம் உழைத்தவர் விலகுகிறார்

முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன? பழையவர்கள் தனி அரட்டையில் பேசி முடித்து, முடிவை மட்டும் பொதுவில் அறிவிக்கிறீர்களா? அப்படியென்றால் அவர் எவ்வளவு உழைத்தாலும் விருந்தாளிதான். பேச்சைப் பொதுவிடத்துக்குக் கொண்டு வாருங்கள். காசு செலவில்லாதது, ஆனால் பழக்கத்தை மாற்றுவது கடினம்.

அவரால் என்ன செய்ய முடிகிறது? லேபிள் ஒட்டக்கூட உங்களைக் கேட்க வேண்டுமென்றால் அதிகாரத்தைப் பகிருங்கள். நிரலை மாற்றும் உரிமை இல்லாமல் இஷ்யூக்களை மட்டும் கையாளும் "ட்ரையாஜ்" பொறுப்பு, கிட்ஹப்பில் அமைப்பின் பெயரில் உள்ள களஞ்சியங்களுக்கு உண்டு. பைதான் திட்டமும் அத்தகைய பொறுப்பைத் தருகிறது. எத்தகைய உழைப்புக்குப் பிறகு எந்தப் பொறுப்பு கிடைக்கும் என்று எழுதி வையுங்கள். தகுதி வந்துவிட்டதா என்று அவர் கேட்கக் காத்திருக்காதீர்கள், நீங்களே அழையுங்கள்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமா? கூடாது. 2024 மார்ச்சில், தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரல்தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) கண்டுபிடிக்கப்பட்டது; பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2024-3094. வைத்தவர் இரண்டாண்டுகளுக்கு மேலாக உழைத்து நம்பிக்கை பெற்றவர். களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளரை, பொறுப்பைப் பகிரும்படி வேறு பெயர்களில் வந்த அஞ்சல்கள் நெருக்கின. இதைக் காரணம் காட்டிப் புதியவர்களை எல்லாம் சந்தேகிக்கும் பராமரிப்பாளர்களைப் பார்க்கிறேன். அது தவறான பாடம். தனியாகக் களைத்துக் கிடந்த பராமரிப்பாளர்தான் அங்கே பலவீனமான இடம். இஷ்யூ, இணைப்பு, வெளியீடு ஆகிய மூன்று உரிமைகளையும் பிரித்து, படிப்படியாகக் கொடுங்கள். வெளியீட்டுக்கு இருவர் ஒப்புதல் இருக்கட்டும். இருபடிச் சரிபார்ப்பு எல்லாருக்கும் கட்டாயம். அவசரப்படுத்துபவருக்காக எந்த உரிமையையும் கொடுக்காதீர்கள்.

ஐயம் உறுதிப்பட்டால் பொதுவில் விசாரிக்காதீர்கள். உங்கள் மென்பொருளைப் பரப்பும் லினக்ஸ் வழங்கல்களின் பாதுகாப்புக் குழுக்களுக்குத் தனியாக எழுதுங்கள். இது அவர்கள் அறிந்த வேலை.

## அறிகுறி 7: ஒரு பேச்சுக்குப் பின் போகிறார்கள்

பட்டியலில் அப்படிப் போனவர்களின் கடைசி உரையாடல்களை வரிசையாகப் படியுங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர் வருகிறதா?

வரவில்லையென்றால் தொனிச் சிக்கல். "ஏன் ஆவணத்தைப் படிக்கவில்லை?" என்பதை "இந்தப் பத்தியில் இருக்கிறது, அங்கே தெளிவாக இல்லையென்றால் சொல்லுங்கள், திருத்துகிறோம்" என்று மாற்றினாலே பாதி தீரும்.

ஒரே பெயர் வருகிறது என்றால், பொதுவில் மோதாமல் இன்னொரு பராமரிப்பாளரோடு சேர்ந்து தனியாகப் பேசுங்கள். வாக்கியத்தை மேற்கோள் காட்டி, அதன் பிறகு யார் போனார் என்று சொல்லுங்கள். பலருக்கு அது தெரிந்திருக்காது. மாறாவிட்டால் நடத்தை விதிதான் வழி. 2014இல் உருவான கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற ஆயத்த நடத்தை விதியைப் பல திட்டங்கள் எடுத்துக்கொண்டுள்ளன. ஆனால் கோப்பை வைத்தால் மட்டும் போதாது. அதில் உள்ள முறையீட்டு முகவரிக்கு இன்றே ஒரு சோதனை அஞ்சல் அனுப்பிப் பாருங்கள், யார் படிக்கிறார்கள்? குறைந்தது இருவர் படிக்க வேண்டும், ஒருவர் மீதே புகார் வரலாம் என்பதால்.

புகார் திட்டத் தலைவர் மீது என்றால் உள்ளே இருப்பவர்களால் நடுநிலையாக விசாரிக்க இயலாது. உங்கள் திட்டம் ஏதேனும் அறக்கட்டளையின் கீழ் இருந்தால் அதனிடம் போங்கள். இல்லையென்றால் இரு தரப்பும் ஏற்கும் வெளியாள் ஒருவரை அழையுங்கள். மிரட்டல், பின்தொடர்தல், சிறுவர் தொடர்பான எதுவும் வந்தால் சமரசம் பேசாதீர்கள். பதிவுகளை அழியாமல் சேமித்து, பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பை உறுதிசெய்து, காவல்துறையையும் வழக்கறிஞரையும் நாடுங்கள்.

முடிந்த பிறகு, போனவர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள்: நடந்தது தவறு, இதை மாற்றியிருக்கிறோம். திரும்பி வரும்படி கேட்காதீர்கள். அவர்கள் விட்டுச் சென்ற புல் ரிக்வெஸ்ட் இன்னும் திறந்திருந்தால், எடுத்துப் படியுங்கள்; தகுதியானதென்றால் அவர்கள் பெயரிலேயே இணையுங்கள்.